ஆள் குறைந்தால் பணம் ஏன் கப்பல் ஏறுகிறது?

2011-க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் ஜப்பானின் ஏற்றுமதியைவிட இறக்குமதியே அதிகம். ஆனாலும் அதன் நடப்புக் கணக்கு, அதாவது வெளிநாடுகளுடனான வரவு-செலவுக் கணக்கு, உபரியில்தான் நிற்கிறது. காரணம், முன்பு வெளிநாடுகளில் போட்ட பணம் வட்டியாகவும் ஈவுத்தொகையாகவும் வந்துகொண்டே இருக்கிறது. பென்ஷன் வாங்கும் தாத்தா போல ஒரு நாடு!

ஒரு நாடு சேமிப்பதில் உள்நாட்டில் முதலீடாகாமல் மிஞ்சுவதுதான் நடப்புக் கணக்கு உபரி. வெளிநாட்டுக்குப் போவது அந்த மிச்சம். மக்கள் முதுமையடைவது இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்களையும், சேமிப்பையும் முதலீட்டையும், தொடுகிறது.

சேமிப்புப் பக்கம் எளிது. நடுவயதில் சேர்த்து, ஓய்வில் செலவழிக்கிறோம். இதைக் கோட்பாடாக வளர்த்த பொருளியல் அறிஞர் ஃபிராங்கோ மோடிக்லியானிக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முதலீட்டுப் பக்கம்தான் சுவாரசியமானது. பத்துத் தையல் இயந்திரம் இருக்கும் இடத்தில் எட்டுத் தையல்காரர்களே மிஞ்சினால், பதினோராவது இயந்திரத்தை யார் வாங்குவார்? உழைப்பாளர் குறையும்போது புதிய முதலீட்டின் லாபமும் குறைகிறது. ஜப்பானில் 15 முதல் 64 வயதுவரை உள்ளோர் எண்ணிக்கை 1990-களின் நடுவில் உச்சம் தொட்டு இறங்கியது. 1970-களில் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்த குடும்பச் சேமிப்பு வீதமும் பின்னர் மளமளவெனச் சரிந்தது. அப்படியானால் உபரி மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை. உள்நாட்டு முதலீடும் சுருங்கியது. நிறுவனங்கள் லாபத்தைச் செலவழிக்காமல் குவித்தன.

அப்படியென்றால் அந்தப் பணம் இளைஞர் நிறைந்த ஏழை நாடுகளுக்கல்லவா பாய வேண்டும்? நைஜரில் மக்களில் பாதிப் பேர் சுமார் 15 வயதுக்குள்தான். ஆனால் நாடு விட்டு நாடு போகும் மிச்சச் சேமிப்பில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போகிறது. பணம் ஏன் ஏழை நாடுகளுக்குப் பாய்வதில்லை என்று பொருளியல் அறிஞர் ராபர்ட் லூகாஸ் 1990-இல் எழுப்பிய புதிர் இது. ஆள் மட்டும் போதாது; திறன், மின்சாரம், நம்பகமான சட்டம் எல்லாம் சேர்ந்தால்தான் இயந்திரம் ஓடும். என் பார்வையில், இளமையே வளம் என்னும் பேச்சில் விட்டுப்போவது இந்தப் பாதிதான்.

வேலைச் சந்தை இந்த ஓட்டத்தைத் திருப்பவும் முடியும். ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்னும் வேலை பார்க்கிறார். ஓய்வு தள்ளிப்போனால் முதுமைக்கென்று சேர்க்க வேண்டியது குறையும்; இயந்திரத்துக்கு ஆளும் கிடைக்கும். பெண்கள் கூடுதலாக வேலைக்கு வந்தாலும், வெளிநாட்டுத் தொழிலாளர் குடியேறினாலும் இரண்டாவது விளைவு அதேதான்: ஆளைத் தேடிப் பணம் வெளியேற வேண்டியதில்லை, ஆளே பணத்தைத் தேடி வந்துவிடுகிறார்.