பசிக்காதபோதும் நாக்கு கேட்பது ஏன்?

சாக்லேட்டின் மீது அடங்காத ஆசை எழுந்தால், உடலில் மெக்னீசியமோ வேறு ஏதாவது சத்தோ குறைந்துவிட்டது என்று விளக்கம் சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லா மிச்சனரும் பால் ரோசினும் 1994-ஆம் ஆண்டில் இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சாக்லேட் ஆசை அடிக்கடி எழுவதாகச் சொன்னவர்களுக்கு, ஆசை எழுந்த நேரத்தில், ஒரு முறை சாதாரணச் சாக்லேட்டையும், ஒரு முறை கோகோ வெண்ணெய் மட்டும் சேர்ந்த வெள்ளைச் சாக்லேட்டையும், ஒரு முறை கோகோத் தூள் அடைத்த கேப்சூல்களையும் கொடுத்தார்கள். ஆசை உண்மையில் ஏதோ ஒரு வேதிப்பொருளுக்கானது என்றால், கேப்சூலே அதைத் தீர்த்திருக்க வேண்டும். ஆனால் கேப்சூல் விழுங்கியவர்களின் ஆசை தணியவே இல்லை. சாக்லேட் அதை நன்றாகத் தணித்தது. மணமும் வழவழப்பும் இனிப்பும் உடைய வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது. அவர்கள் தேடியது ஒரு சத்தை அல்ல, வாயில் கரையும் அந்த அனுபவத்தை.

சத்துக் குறைவினால் எழும் ஆசைகள் அறவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. இரும்புச் சத்துக் குறைந்தவர்களில் சிலருக்குப் பனிக்கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்ற விசித்திரமான ஆசை வருவதும், குறையைச் சரிசெய்ததும் அது மறைவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவை. ஆனால் எடையைக் குறைக்க முயல்பவர்களைத் தொல்லைப்படுத்துவது பெரும்பாலும் இனிப்பும் கொழுப்பும் உப்பும் நிறைந்த உணவுகளின் மீது எழும் வேட்கைதான். அதன் வேர் வயிற்றில் இல்லை, மூளையின் நினைவில் இருக்கிறது.

பசியையும் வேட்கையையும் ஓரளவு பிரித்தறியலாம். பசி மெல்ல மெல்ல ஏறும். எந்த உணவைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். வயிறு நிறைந்ததும் அடங்கும். இரைப்பை காலியாக இருக்கும்போது அதில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் இந்தப் பசியை மூளைக்குத் தெரிவிக்கிறது; ஜப்பானிய அறிஞர்களான மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் 1999-இல் அதைக் கண்டறிந்தார்கள். வேட்கையோ திடீரென்று வரும், குறிப்பிட்ட ஓர் உணவின் பெயரைச் சொல்லி வரும், வயிறு நிறைந்திருந்தாலும் வரும். ஆயினும் இவற்றுக்கு இடையிலான கோடு பலரும் எழுதுவதுபோல அவ்வளவு தெளிவானது அல்ல என்பது என் கருத்து; ஏனெனில் பசியோடு இருப்பவருக்கு வேட்கையும் எளிதாகத் தூண்டப்படும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

வேட்கை எவ்வாறு உருவாகிறது என்பதற்கான மிகத் தெளிவான துப்பு, உணவோடு நேரடித் தொடர்பில்லாததுபோலத் தோன்றும் ஆய்வு ஒன்றிலிருந்து கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் மூளையில், நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் மின்துடிப்பை அளந்துவந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு வாயில் விழுந்தபோது அந்த நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. பழச்சாறுக்குச் சற்று முன்னால் ஓர் அடையாளம் வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, பழச்சாறு வரும்போது துடிப்பு எழவில்லை. அடையாளம் தோன்றும்போதே எழுந்தது. அடையாளம் வந்தும் பழச்சாறு வராதபோது, வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. அதாவது டோபமைன், கிடைத்த சுவைக்கான மகிழ்ச்சியைக் காட்டவில்லை, வரப்போகும் சுவையைப் பற்றிய கணிப்பைக் காட்டியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டினார். டோபமைன் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட எலிகள் பக்கத்தில் இருக்கும் உணவைக்கூடத் தேடிப் போகவில்லை. ஆனால் இனிப்பு நீரை நாக்கில் விட்டால் வழக்கம்போல உதட்டை நக்கிச் சுவைத்தன. வேண்டும் என்ற உந்துதலும் பிடித்திருக்கிறது என்ற இன்பமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் இயங்குகின்றன. பெட்டியில் இருந்ததையெல்லாம் தின்று முடித்தபின், முதல் இரண்டு துண்டுகளுக்குப் பிறகு பெரிய சுவை ஒன்றும் தெரியவில்லையே என்று வியப்பவர்களின் அனுபவத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தும் விளக்கமாக அமைகிறது.

எனவே தினமும் இரவில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இனிப்பைத் தின்று பழகியவருக்கு, நாளடைவில் அந்த நாற்காலியும் அந்த நேரமும் தொலைக்காட்சியின் தொடக்க இசையுமே அடையாளங்களாக மாறிவிடுகின்றன. அடையாளம் தோன்றியதும் வாயில் எச்சில் ஊறுகிறது. செரிமானத்துக்கான சுரப்புகள் முன்கூட்டியே தொடங்குகின்றன. உணவு வரும் என்று மூளை கணித்துவிட்டது, உடல் அதற்கேற்பத் தயாராகிறது, அவ்வளவுதான். மன உறுதி குறைந்தவர்களுக்கு மட்டும் நேர்வது அல்ல இது. கற்கும் திறன் உடைய எந்த மூளையிலும் நேர்வது.

எடை குறையும் காலத்தில் இதன்மேல் உடலின் எதிர்வினையும் சேர்ந்துகொள்கிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு 1994-இல் கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவில் சுரந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. உணவைக் குறைத்ததும் லெப்டின் அளவு இறங்குகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல் பருமன் உள்ள 50 பேருக்கு 10 வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்து, ஓராண்டு கழித்தும் அவர்களை அளந்தபோது, லெப்டின் குறைந்தும் கிரெலின் கூடியும் பசியுணர்வு மிகுந்துமே இருந்தன. 2011-இல் இந்த முடிவு வெளியானது. கடும் பட்டினி மனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை சான்றாக நிற்கிறது. தாமாக முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்து தங்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். அந்த மாதங்களில் அவர்களின் பேச்சும் கனவும் உணவாகவே இருந்தன. சிலர் சமையல் குறிப்பு நூல்களைச் சேகரித்தார்கள், தட்டுகளை நக்கித் துடைத்தார்கள்.

இதைப் படித்ததும், உணவைக் குறைத்தாலே வேட்கை பெருகிக்கொண்டே போகும் என்ற முடிவுக்கு வரத் தோன்றும். ஆனால் பல வாரங்கள் நீடிக்கும் கலோரிக் குறைப்பைப் பற்றிய ஆய்வுகளை 2017-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இனிப்பு, கொழுப்பு மிகுந்த உணவு முதலியவற்றின் மீதான வேட்கை காலப்போக்கில் குறைந்தே வந்திருப்பது தெரிந்தது. மேலே சொன்ன கணிப்பு முறையை நினைவில் வைத்தால் இதில் வியப்பு இல்லை. அடையாளம் தோன்றியும் உணவு வராத நாள்கள் அடுக்கடுக்காகச் சேரும்போது, அந்த அடையாளத்தை நம்புவதை மூளை படிப்படியாகக் கைவிடுகிறது. தொடக்க நாள்கள்தான் கடினமானவை. வாரத்துக்கு ஒரு முறை அதே நாற்காலியில், அதே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் பழைய இணைப்பு மீண்டும் உயிர்பெறுகிறது. ஆசைப்பட்டதை அளவாகச் சாப்பிட விரும்புபவர் அதை வேறு நேரத்திலும் வேறு இடத்திலும், உணவோடு சேர்த்துச் சாப்பிடுவது இந்தக் காரணத்தால் நல்லது.

கவலை, சலிப்பு, தனிமை, கோபம் ஆகியவையும் அடையாளங்களாக மாறக்கூடியவையே. திடீரென்று வரும் கடும் அதிர்ச்சியில் பசி மறைந்துபோகும். நாள்கணக்கில் நீளும் மன அழுத்தத்திலோ கார்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்து நிற்பதால், பலருக்கு இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவின்மேல் நாட்டம் கூடுகிறது. சாப்பிட்ட சில நிமிடங்களில் மனம் லேசாவதுபோல இருக்கும். அந்த நிம்மதியை மூளை உணவின் கணக்கில் எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்கு சரிதானா என்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டிரேசி மானும் உடன் ஆய்வாளர்களும் பார்த்தார்கள். மனத்தை வருத்தும் திரைக்காட்சிகளைக் காட்டிய பிறகு, ஒரு முறை அவரவருக்கு ஆறுதல் தரும் உணவையும், மற்றொரு முறை வேறு உணவையும், சிலருக்கு எதுவும் கொடுக்காமலும் மனநிலையை அளந்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, எல்லோருடைய மனமும் சில நிமிடங்களில் ஏறக்குறைய ஒரே அளவில் தேறிவிட்டது. தானாகவே கடந்துபோயிருக்கும் வருத்தத்துக்கான பெருமையை உணவு தட்டிக்கொண்டு போகிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் துயரத்துக்கு இந்தச் சோதனை விடை சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மாலை நேரத்துச் சிறு எரிச்சலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இனி வேட்கை எழும் அந்தச் சில நிமிடங்களை அருகில் சென்று பார்க்கலாம். இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. கைப்பேசித் திரையில் ஓர் ஐஸ்கிரீம் படம் வந்து மறைகிறது. முதலில் எழுவது ஒரு சிறு நினைப்புத்தான். பெரும்பாலான நினைப்புகளைப் போல அதுவும் வந்த வழியே போய்விடக்கூடியது. ஆனால் அது நன்றாக இருக்கும் என்று தோன்றியதும் மனம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு காட்சியாக விரிக்கத் தொடங்குகிறது: குளிர்பெட்டியின் கதவு, கரண்டி இறங்கும் மென்மை, நாக்கில் படும் குளிர்ச்சி. காட்சி தெளிவாகத் தெளிவாக வேட்கை வலுக்கிறது. வேட்கை வலுக்க வலுக்கக் காட்சி மேலும் தெளிவாகிறது. டேவிட் கவனா, ஜாக்கி ஆன்ட்ரேட், ஜான் மே ஆகியோர் 2005-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இதுதான். வந்துவிழுந்த நினைப்பு நம் கையில் இல்லை. அதை விரித்து வளர்ப்பதில் மட்டும் நமக்குப் பங்கு உண்டு.

அதற்காக, நினைக்கவே கூடாது என்று உறுதி எடுத்தால் விளைவு தலைகீழாகிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி டேனியல் வெக்னர் 1987-இல் நடத்திய சோதனையில், அடக்கி வைத்த நினைப்பு அனுமதி கிடைத்ததும் முன்னிலும் மிகுதியாகத் திரும்பி வந்தது. வேட்கையோடு வாதிடுவதைவிட அதன் காட்சிக்கு இடம் இல்லாமல் செய்வது எளிது. ஒரே நேரத்தில் இரண்டு காட்சிகளைத் தெளிவாக வைத்திருக்க மனக்கண்ணால் இயலாது. பிளிமத் பல்கலைக்கழகத்தில், ஏதாவது ஒரு வேட்கையோடு இருந்தவர்களில் ஒரு பகுதியினரை 3 நிமிடங்கள் டெட்ரிஸ் விளையாட விட்டு, மற்றவர்களை அந்த விளையாட்டு திரையில் திறக்கக் காத்திருக்கவைத்தபோது, விளையாடியவர்களின் வேட்கை மற்றவர்களுடையதைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. டெட்ரிஸ்தான் வேண்டும் என்பதில்லை; வடிவங்களையும் இடங்களையும் கண்ணால் பொருத்தும் எந்த வேலையும் பயன்படும். வானொலி கேட்பது இதற்கு அவ்வளவாக உதவாது, ஏனெனில் காது வேலை செய்யும்போது கண் காட்சியோடு தனித்து விடப்படுகிறது. 15 நிமிட வேகநடையும் சாக்லேட் வேட்கையைக் குறைப்பதை எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது.

இந்தச் சித்திரத்துக்கு ஒரு சுவையான விதிவிலக்கும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கேரி மோர்வெட்ஜின் குழு 2010-இல் நடத்திய சோதனையில், மிட்டாயை ஒவ்வொன்றாக 30 முறை தின்பதாகக் கற்பனை செய்தவர்கள், 3 முறை மட்டும் கற்பனை செய்தவர்களைவிடக் குறைவாகவே உண்மையில் தின்றார்கள். முதல் கடியை மட்டும் கற்பனை செய்வது ஆசையை மூட்டுகிறது. முப்பதாவது கடிவரை பொறுமையாகக் கற்பனை செய்தால் திகட்டிவிடுகிறது. அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு, 10 மணி நேரம் படுக்கையில் இருந்த நாள்களோடு ஒப்பிட்டபோது, லெப்டின் 18 சதவீதம் குறைந்தும் கிரெலின் 28 சதவீதம் கூடியும் இருந்தன. 2004-இல் இது வெளியானது. உறக்கம் கெட்ட மறுநாள் எழும் வேட்கைக்கு வேறு உளவியல் காரணம் தேடுவதற்கு முன் இதைக் கணக்கில் எடுக்கலாம்.

எடை குறைப்பை உண்மையில் கெடுப்பது வேட்கைக்கு இணங்கிய அந்த ஒரு துண்டு அல்ல, அதற்கு அடுத்த ஒரு மணி நேரம். பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் மில்க் ஷேக் குடித்தவர்களிடம், சுவை பார்த்துச் சொல்லும்படி ஐஸ்கிரீமைக் கொடுத்தார்கள். உணவைக் கட்டுப்படுத்தும் எண்ணம் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள்: வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்ற மனநிலை. உண்மையில் எத்தனை கலோரி உள்ளே போனது என்பதைவிட, கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற நம்பிக்கைதான் இதைத் தூண்டுகிறது என்பதை ஜேனட் பொலிவி அடுத்த ஆண்டே காட்டினார். அதனால், முற்றிலும் விலக்கு என்று எழுதிய நீளமான பட்டியல்களை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். பட்டியல் நீள நீள, உடைவதற்கான வாய்ப்புகளும் நீள்கின்றன. ஒரு துண்டு சாப்பிட்ட பிறகு அடுத்த வேளை உணவை வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவில் சாப்பிடுவதுதான் சரியான கணக்கு. ஈடுகட்டுவதற்காக அந்த வேளையைத் தவிர்த்தால், மாலையில் பசியும் வேட்கையும் ஒன்றாக வந்து நிற்கும்.

இந்த முறைகளால் ஆகாத ஒரு நிலையும் இருக்கிறது. குறுகிய நேரத்தில் மிகுதியான உணவைக் கட்டுப்பாடே இன்றி உண்பது, பசி இல்லாமலே உண்பது, வெட்கத்தால் மறைந்து உண்பது, பின்னர் தன்மீதே வெறுப்புக் கொள்வது ஆகியவை வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதங்கள் தொடர்ந்தால், அதை மிகையுண்ணல் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு வகைப்படுத்துகிறது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை இதற்குப் பலன் தருகிறது, மருந்துகளும் உண்டு. கோளாறு தணிவதற்கு முன் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்குவது மிகையுண்ணலைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், அத்தகையவர்கள் எடைக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது.