எலும்பில்லாத சூப்புக்கு ருசி எங்கிருந்து வருகிறது?

1223ஆம் ஆண்டு, சீனாவின் நிங்போ துறைமுகம். ஜப்பானிலிருந்து வந்த கப்பல் ஒன்று கரையோரம் நிற்கிறது. அதில் டோகென் என்ற இளம் புத்தத் துறவி இருக்கிறார். அறுபது வயதைக் கடந்த சீனத் துறவி ஒருவர் வெகுதூரம் நடந்து வந்து, கப்பலில் ஏறி, ஜப்பானியக் காளான் கிடைக்குமா என்று விசாரிக்கிறார். அசோகரின் பெயரைத் தாங்கிய மலை மடம் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் அவர். மறுநாள் விசேஷம். மடத்தில் அத்தனை பேருக்கும் நூடுல்ஸ் சூப் வைக்க வேண்டும், அதில் போடக் காளான் இல்லை. இருந்து பேசிவிட்டுப் போகலாமே என்று டோகென் கேட்டும் அவர் தங்கவில்லை. பின்னாளில், 1237இல், மடத்துச் சமையல்காரர்களுக்காக எழுதிய கையேட்டில் டோகென் இதைப் பதிவு செய்தார். (மூலத்தில் அந்த இடத்தில் வரும் சொல் காளானைத்தான் குறிக்கிறது என்பது பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.)

டோகென் அந்தச் சந்திப்பிலிருந்து எடுத்துக்கொண்டது ஆன்மிகப் பாடம். எனக்கு எழுவது சமையலறைக் கேள்வி. ஒரு சூப்பில் காளான் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

சைவ சூப் என்றால் கொஞ்சம் முழுகத்தான் செய்யும். ஆட்டெலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எலும்பையும் தசையையும் இணைக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறி, சூப்புக்கு நாக்கில் ஒட்டும் கனம் தருகிறது. இறைச்சியில் இருக்கும் குளுட்டமேட், இனோசினேட் என்ற இரண்டு பொருள்கள் தண்ணீரில் இறங்கி ருசி தருகின்றன. காய்கறியில் கொலாஜன் கிடையாது, இனோசினேட்டும் அநேகமாகக் கிடையாது. இது தெரியாமல், எலும்பு சூப்பின் இலக்கணத்தை அப்படியே கடன் வாங்கி, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறோம். கிடைப்பது மங்கிய நிறத்தில், வெந்த கோஸ் வாடையோடு ஒரு தண்ணீர். அதைச் சரிக்கட்ட மிளகுத்தூளும் சோளமாவும் போடுவோம். ஓட்டல்களில் வரும் கொழகொழப்பான வெஜ் சூப்பின் கதை பெரும்பாலும் இதுதான்.

காய்கறி சூப்புக்கு நேரத்தைவிட வெப்பநிலைதான் முக்கியம். அதில் போடும் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று ஒரு சூடு உண்டு.

முதலில் ருசி. 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியலாளர் கிகுனே இகெடா, கொம்பு என்னும் கடற்பாசியை ஊறவைத்த நீருக்கு ஏன் அப்படியொரு ருசி என்று ஆராய்ந்தார். 12 கிலோ காய்ந்த பாசியிலிருந்து சுமார் 30 கிராம் குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார் (குளுட்டமேட் என்பது இதன் உப்பு வடிவம்). இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் சேராத அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே அது வெள்ளைப் படிகமாகக் கடைக்கு வந்தது. நம் ஊரில் பலர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் அஜினமோட்டோதான் அது. பாசியில் இருக்கும் குளுட்டமேட்டும் பாக்கெட்டில் இருக்கும் குளுட்டமேட்டும் ஒன்றேதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. அதன் மேல் இருக்கும் பயம் அளவுக்கு மீறியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த சூப்புக்கு அது தேவைப்படாது, ஏனென்றால் காளான் இருக்கிறது.

காளானின் பங்கு 1950களின் இறுதியில்தான் தெரிந்தது. அகிரா குனினாகா என்ற ஜப்பானிய ஆய்வாளர், காய்ந்த ஷிட்டாகே காளானின் ருசிக்குக் காரணம் குவானிலேட் என்ற பொருள் என்று கண்டார். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு, குளுட்டமேட்டும் குவானிலேட்டும் ஒன்றாகச் சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறாமல் பல மடங்காகப் பெருகுகிறது என்பது. நாக்கில் இது எப்படி நடக்கிறது என்பதும் இப்போது தெரியும். உமாமியை உணரும் புரதத்தின் ஒரு பகுதி, பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியின் இலையைப் போல இரு மடல்களாக இருக்கிறது. குளுட்டமேட் உள்ளே போய் உட்கார்ந்தால் மடல்கள் மூடிக்கொள்கின்றன, மூளைக்குச் செய்தி போகிறது. கொஞ்ச நேரத்தில் மடல்கள் திறந்து குளுட்டமேட் வெளியேறிவிடும். குவானிலேட் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மடல்கள் திறக்காதபடி பிடித்துக்கொள்கிறது. அதனால் அதே அளவு குளுட்டமேட் அதிக நேரம் வேலை செய்கிறது. பாசியும் காளானும் சேர்ந்த சாற்றில் உப்பைக் குறைத்துப் போட்டாலும் சப்பென்று இருக்காததற்கு இதுதான் காரணம்.

சரி, புதுக் காளானையே போட்டால் என்ன? அதில் குவானிலேட் ஏறக்குறைய இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். உயிருள்ள செல்லில் ஆர்.என்.ஏ. என்ற நீளமான மூலக்கூறு ஒரு பக்கம் இருக்கிறது, அதை வெட்டும் நொதி (என்சைம்) வேறொரு பக்கம் இருக்கிறது. காயும்போது செல்லின் தடுப்புகள் உடைகின்றன. மறுபடி தண்ணீரில் ஊறிச் சூடேறும்போது நொதி ஆர்.என்.ஏ.வைப் பிடித்து வெட்ட, குவானிலேட் பிறக்கிறது. ஆனால் கூடவே ஒரு வில்லனும் இருக்கிறான். பிறந்த குவானிலேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி, அதை ருசியற்ற பொருளாக்கிவிடும் இன்னொரு நொதி. வெதுவெதுப்பான நீரில் இவன் சுறுசுறுப்பாக இருப்பான், சூடு ஏற ஏறத் துவண்டுவிடுவான். ருசியை உண்டாக்கும் முதல் நொதியோ 60, 70 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கும்.

செய்முறை இதிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. காய்ந்த காளானைக் குளிர்ந்த நீரில் போட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அந்தக் குளிரில் இரண்டு நொதிகளும் ஏறக்குறையச் சும்மா இருக்க, காளான் மட்டும் நிதானமாக ஊறும். காலையில் அந்த நீரோடு அடுப்பில் ஏற்றி, வெதுவெதுப்பான கட்டத்தைச் சட்டென்று தாண்டி, 60இலிருந்து 70 டிகிரிக்குள் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். அவசரத்துக்குக் கொதிக்கும் நீரை ஊற்றி ஊறவைப்பதுதான் வழக்கமாக நாம் செய்வது. அதில் வில்லனோடு நாயகனும் செத்துப்போகிறான்.

ஊறிய காளானை எறிந்துவிட வேண்டாம், நறுக்கி சூப்பிலேயே போடலாம். எவ்வளவு வேகவைத்தாலும் அது குழையாது, ஏனென்றால் காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். கொதிநீரின் சூடு அதை ஒன்றும் செய்யாது.

கொம்புப் பாசிக்கும் 60 டிகிரிதான் தோதான சூடு. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் போட்டு, அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் குளுட்டமேட் நன்றாக இறங்கிவிடும். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது. அது மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். கொதிக்கவிட்டாலோ பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற பிசுபிசுப்பான பொருள் கரைந்து வழவழப்பாகிவிடும், கசப்பும் சேரும். தண்ணீரும் முக்கியம். கால்சியம் மிகுந்த கடின நீரில் பாசியின் ருசி சரியாக இறங்காது. சென்னையில் போர் தண்ணீரில் இதைச் செய்து பார்ப்பவர்கள் பாசியைக் குறை சொல்லக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீர் இந்த ஒரு வேலைக்கு உருப்படியானது.

சமையலறையில் தெர்மாமீட்டர் இல்லையே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்துகொள்ளுங்கள். நம் ஊர்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் கலவை 65 டிகிரி. பாத்திரம் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், மீதி 60க்குப் பக்கத்தில் நிற்கும். மூடி, துணியால் சுற்றி வைத்தால் போதும்.

கடற்பாசி கிடைக்காதவர்களுக்குத் தக்காளி இருக்கிறது. பழுக்கப் பழுக்க அதில் குளுட்டமேட் கூடுகிறது. சதையைவிட, விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பில்தான் அது அதிகம். விதையை வழித்தெறிந்துவிட்டுத் தக்காளியைச் சேர்க்கச் சொல்லும் சமையல் குறிப்புகள் ருசியைத்தான் எறியச் சொல்கின்றன.

இனி காய்கள். காயை விறைப்பாக வைத்திருப்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டும் பெக்டின். சுமார் 85 டிகிரிக்கு மேல் அது உடையத் தொடங்கும், காய் வேகும். அமிலம் இருந்தால் இந்த உடைப்பு மெதுவாகிறது. காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று சாம்பார் வைக்கும் எல்லோருக்கும் தெரியும், காரணம் இதுதான். அமிலத்துக்கு எதிரான காரம் (மிளகாய்க் காரம் அல்ல) சேர்ந்தால் வேகம் கூடும். கொண்டைக்கடலைக்குச் சிட்டிகை சோடா உப்பு போடுவது அதற்குத்தான்.

கேரட்டில் ஒரு விசித்திரம் உண்டு. நேராகக் கொதிநீரில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். அதே கேரட்டை முதலில் 60 டிகிரி நீரில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு கொதிக்க வைத்தால், வேகும், ஆனால் குழையாது. கடித்தால் லேசாக எதிர்க்கும். அந்த மிதமான சூட்டில் கேரட்டுக்குள் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு, பெக்டினில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதிகளைக் கழற்றுகிறது. கழன்ற இடங்களில் காயிலேயே இருக்கும் கால்சியம் போய் அமர்ந்து, பக்கத்துப் பக்கத்துப் பெக்டின் சங்கிலிகளைப் பிணைத்துவிடுகிறது. 70 டிகிரியைத் தாண்டினால் நொதி செயலிழக்கும், ஆனால் போட்ட முடிச்சு அவிழாது. டின்னில் அடைக்கும் காய்கள் கஞ்சியாகாமல் இருக்கத் தொழிற்சாலைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. நமக்கு இதில் தனி வேலையே இல்லை. பாசி ஊறும் அதே 60 டிகிரி நீரில் கடைசி அரை மணி நேரம் கேரட் துண்டுகளையும் போட்டால் ஆயிற்று.

பச்சைக் காய்களுக்கு நேர் எதிரான வைத்தியம். பீன்ஸ், பட்டாணி, கீரை எதுவானாலும் தளதளவென்று கொதிக்கும் நீரில், மூடாமல், கொஞ்ச நேரம். கீரைக்கு அரை நிமிடமே அதிகம். போட்ட உடனே பச்சை பளிச்சென்று தெரிவது, செல்களுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறுவதால். அங்கேயே விட்டுவைத்தால் காயிலிருந்து கசியும் அமிலம், பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும், நிறம் காக்கியாகும். மூடாமல் வைத்தால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். சோடா உப்பு நிறத்தைக் காப்பாற்றும்தான், ஆனால் காயைக் கூழாக்கும், தயாமின் வைட்டமினையும் அழிக்கும். வேண்டாம்.

முட்டைக்கோஸை இறக்குவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு மெல்லிசாக நறுக்கிப் போடுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வேக வேகச் சிதைந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடாக நாறத் தொடங்கும்.

நூடுல்ஸைத் தனிப் பாத்திரத்தில்தான் வேகவைக்க வேண்டும். கோதுமை மாவில் தண்ணீர் சேரும்போது குளூட்டெனின், கிளையாடின் என்ற இரு புரதங்கள் பின்னி வலையாகின்றன, அந்த வலைக்குள் மாவுச்சத்து மணிகள் சிக்கியிருக்கின்றன. 60 டிகிரியை ஒட்டி மணிகள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். மேற்பரப்பில் உள்ளவை வெடித்து மாவுச்சத்தைத் தண்ணீரில் கசியவிடும். இதையே சூப்பில் செய்தால் தெளிந்த சாறு கஞ்சியாகிவிடும். நிறைய கொதிநீரில், முக்கால் பதத்துக்கும் சற்று மேலே வேகவிட்டு, வடித்துக் குளிர்ந்த நீரில் அலசினால் ஒட்டும் பசை போய்விடும்.

சீன, ஜப்பானிய நூடுல்ஸ் சிலவற்றின் மஞ்சள் நிறத்துக்கு முட்டை காரணம் என்று பலர் நினைத்து, சைவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். முட்டை சேர்ப்பதும் உண்டு, பாக்கெட்டைப் படித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பல வகைகளில் அந்த மஞ்சள் வருவது சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரங்களால். மாவில் நிறமற்றுக் கிடக்கும் ஃபிளேவனாய்டுகள் காரத்தில் மஞ்சளாகும், புரத வலையும் இறுகி நூடுல்ஸ் துள்ளலாகும். நம் ஊரில் உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்ப்பதும் இதே குடும்பத்து வேதியியல்தான். இடியாப்பத்தின் உறவினரான அரிசி நூடுல்ஸில் புரத வலை கிடையாது. வெந்து ஆறும்போது இறுகும் மாவுச்சத்துதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதைக் கொதிக்கவிட வேண்டாம், சுடுநீரில் ஊறவைத்தாலே போதும்.

கிண்ணத்தில் முதலில் நூடுல்ஸ், மேலே காய்கள், காளான், அப்புறம் ஆவி பறக்கும் சாறு. உப்பு, சோயா சாஸ் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான். கடைசியாகச் சில சொட்டு நல்லெண்ணெய். கேரட்டின் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மணப்பொருள்களில் பலவும் எண்ணெயில்தான் தங்கும். வெங்காயத்தாளையும் துருவிய இஞ்சியையும் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். நுரை கட்டியதும் ரசத்தை இறக்குகிறோமே, அதே நியாயம். கொதிக்கக் கொதிக்க வாசனை வீட்டுக்குப் போகும், சூப்பில் நிற்காது.

ஊற்றிய சூப்பை உடனே சாப்பிட்டுவிட வேண்டும். வெந்த நூடுல்ஸின் வெளிப்புறத்தில் ஈரம் அதிகம், நடுவில் குறைவு. அந்த வித்தியாசம்தான் கடிக்கும்போது தெரியும் பதம். சாற்றில் கிடக்கக் கிடக்க ஈரம் உள்ளே பரவி, பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே சீராகத் தொளதொளத்துவிடும். மீந்தால் சாறு ஒரு டப்பாவிலும் நூடுல்ஸ் இன்னொரு டப்பாவிலும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். குளிரில் விறைத்த நூடுல்ஸை மறுநாள் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் மாவுச்சத்து இளகி, மறுபடி சாப்பிடும்படி ஆகிவிடும்.