வெல்டிங் பிடித்த அலுமினிய இறக்கையும் கணினி காட்டும் பச்சைப் படமும்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றூதும் ஃபேனின் அலுமினிய இறக்கை அடியில் கீறினால், பட்டறையில் வெல்டிங் பிடித்து மாட்டிவிடுவதுண்டு. அதன் தகைப்பை, அதாவது சுமையால் உலோகத்துக்குள் எழும் விசைச் செறிவை, கணினியில் பகுப்பாய்வும் செய்து, படத்தில் ஆபத்தைக் காட்டும் சிவப்பே இல்லை, எல்லாம் பச்சை என்று ஃபேனை ஓட்டினால் ஆபத்துதான்.

இறக்கை 6061-டி6 என்ற, வெப்பத்தால் பலமூட்டிய அலுமினியக் கலப்புலோகத் தகடு என்று வைத்துக்கொள்வோம். சுமார் 530 பாகை செல்சியசில் சூடாக்கி, நீரில் சட்டெனக் குளிர்வித்து, 175 பாகையில் ஏறத்தாழ 8 மணித்தியாலம் வைத்தால் மக்னீசியம்-சிலிக்கன் வீழ்படிவுகள் நுண்ணியதாகப் பரவும். உலோகத்தின் பலமே அவைதான். வெல்டிங் சூட்டில் அவை கரையும் அல்லது பருக்கும். இழுவைப் பலம் 310 மெகாபாஸ்கலிலிருந்து 165 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டு அதே 69 கிகாபாஸ்கல்தான். நேர்கோட்டுப் பகுப்பாய்வு வடிவத்தையும் சுமையையும் மட்டுவையும் மட்டுமே பார்க்கிறது. பலம் பாதியானாலும் தகைப்புப் படம் மாறாது.

ஆகவே கணினி மாதிரியில் வெல்டிங் ஒட்டின் இருபுறமும் 25 முதல் 30 மில்லிமீற்றர் வரை தனி வலயமாகப் பிரித்து, அதற்குக் குறைந்த பலத்தைக் கொடுங்கள். ஒட்டின் விளிம்பில் வலையை (கணக்குக்காக வடிவத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நுணுக்க நுணுக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணுக்குப் பொருளில்லை. விளிம்பிலிருந்து தகட்டுத் தடிப்பின் 0.4 மடங்கு தூரத்திலும் 1 மடங்கு தூரத்திலும் தகைப்பை எடுத்து, முதலாவதை 1.67ஆல் பெருக்கி, இரண்டாவதன் 0.67 மடங்கைக் கழியுங்கள்; விளிம்புக்கு எடுக்கவேண்டிய தகைப்பு அதுதான். பிறகு, சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் எத்தனை சுழற்சியில் உடையும் என்று காட்டும், ஒட்டுகளுக்கான களைப்பு வளைகோட்டில் முழுத் தகைப்பு வீச்சையும் (உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை) வையுங்கள். ஒட்டில் சூடாகிக் குளிர்ந்ததில் தங்கிவிட்ட எஞ்சுதகைப்பு ஏற்கெனவே இருப்பதால் சராசரித் தகைப்புக் குறைவு என்று சலுகை எடுக்கக்கூடாது.

அடுத்தது ஆயுள். மென்பொருளிலுள்ள உருக்கு வளைகோட்டை அலுமினியத்துக்குப் போட்டுவிட்டு "முடிவிலா ஆயுள்" என்று எழுதிவிடுகிறார்கள்! இந்தத் தகைப்புக்குக் கீழே எத்தனை சுழற்சியிலும் உடையாது என்ற எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. ஒட்டாத 6061-டி6க்குச் சொல்லப்படும் 97 மெகாபாஸ்கல் களைப்புப் பலம்கூட 50 கோடிச் சுழற்சிக்கான எண்தான். நிமிடத்துக்கு 960 சுற்று, நாளுக்கு 14 மணித்தியாலம் என்றால், சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் சுமை ஏறி இறங்கினாலும் 13ஆம் நாளே 1 கோடி தாண்டும். 50 கோடிக்கு 620 நாள் போதும். வாட்டும் அறையின் ஈரக்காற்று கீறலை இன்னும் வேகமாக வளர்க்கும்.

வார்ப்பு இறக்கையென்றால் உள்ளே இருக்கும் துளைகளே முதல் எதிரி. அது வேறு கணக்கு.

ஆகவே கீறிய இறக்கையை ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். மாற்றியபின் சமநிலை பாருங்கள். மற்ற இறக்கைகளின் அடியையும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, கீறலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயமிட்டுச் சோதியுங்கள். மேலே நிற்கும் சாயத்தைத் துணியால் துடையுங்கள். கரைப்பானை நேரே தெளித்தால் கீறலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிப்போய்விடும்.