'வீடு விற்பனைக்கு' போர்டு மாட்டுவதற்கு முன்னால்: குன்னூரிலிருந்து ஒரு வழக்கறிஞரின் வேண்டுகோள்

ஒவ்வொரு சீசன் முடிந்ததும் என் அலுவலகத்துக்கு ஒரே வகையான பிரச்சினையோடு சிலர் வருகிறார்கள். கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று எழுதி, கீழே போன் நம்பரையும் போட்டு மாட்டியவர்கள். இந்த முறை வந்தது ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். இருவருக்கும் முழங்கால் வலி. சாலையிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகளில் இனி ஏறி இறங்க முடியாது, வீட்டை விற்றுவிட்டு மகனோடு கோவைக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். நியாயமான முடிவுதான்.

போர்டு மாட்டிய கொஞ்ச நாளிலேயே ஒருவர் காரில் வந்திருக்கிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார், ஒரு லட்சம் ரூபாயை ரொக்கமாக மேசைமேல் வைத்தார். 'மூன்று மாதத்தில் கிரயம்' என்று ஒரு முத்திரைத் தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் கழித்தும் ஆளைக் காணோம். அவர் வாங்க வந்தவரே இல்லை. வீட்டின் போட்டோக்களை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, விலையை ஏற்றி, வேறு ஆளுக்குத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தவர். இதற்கிடையில் உண்மையிலேயே வாங்க விரும்பிய ஒரு குடும்பம் வந்தது. உடனே இவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தக் குடும்பம் பயந்து விலகிவிட்டது.

"சும்மா ஒரு தாளில்தானே சார் கையெழுத்துப் போட்டோம்" என்றார் அந்த அம்மா. இதே வாக்கியத்தை நான் கேட்காத வருடமே இல்லை.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாவிட்டால் அது செல்லாத தாள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்தும், ஏற்றதை ஆற்றக் கோரி, அதாவது பேசியபடி கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி, வழக்குப் போடலாம். 2023இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வழக்குப் போட மூன்று வருட அவகாசமும் உண்டு. கடைசியில் அவர் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது அந்தச் சொத்தை யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அப்புறம் எந்த வக்கீல் அந்த வீட்டுக்கு லீகல் ஒப்பீனியன் கொடுப்பார்?

ரொக்கமும் தவறு. வீடு விற்பது தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2015 ஜூன் முதல் தடை இருக்கிறது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறு ஒரு நம்பிக்கையின் மேல். 'போர்டு வைத்தால் புரோக்கர் தொல்லை இல்லாமல் நேரடியாக விற்றுவிடலாம்.' மலையில் பாதிப் பேர் இதை நம்பித்தான் போர்டு மாட்டுகிறார்கள். 'ஓனர் நேரடி விற்பனை, புரோக்கர்கள் அணுக வேண்டாம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியும் வைக்கிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் கோவையில், சென்னையில், பெங்களூரில். அவர் உங்கள் தெருவில் நடந்து போவதில்லை. உள்ளூரிலேயே வாங்கக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர், உறவுக்காரர், உங்கள் ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச், சேர்ந்தவர். அவர்களுக்குப் போர்டே வேண்டாம், நீங்கள் விற்கப்போவது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அப்படியானால் அந்தத் தெருவில் தினமும் போய்வந்து போர்டுகளைப் படித்துக் குறித்துக்கொள்பவர் யார்? புரோக்கர்தான். அது அவர் தொழில். 'அணுக வேண்டாம்' என்ற வரி, இந்த வீடு இன்னும் எந்தப் புரோக்கர் கையிலும் போகவில்லை என்ற செய்தியைத்தான் அவருக்குச் சொல்கிறது. வாங்குபவர் போலவே பேசுவார். மச்சானுக்காகப் பார்க்கிறேன் என்பார். ஒரு வாரத்தில் உங்கள் வீடு மூன்று பேர் பட்டியலில் மூன்று விலையில் இருக்கும். கோவையில் இருந்து தேடுபவர் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று ஒதுங்கிவிடுவார்.

புரோக்கர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேர்மையான தரகர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், கமிஷன் எவ்வளவு, எப்போது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், அவரிடமே விடுங்கள். போர்டு மாட்டினால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்கள் கையை விட்டுப் போகிறது. என் வாதம் அவ்வளவுதான்.

அடுத்து வருபவர்கள் சுற்றுலாப் பயணிகள். மே மாதத்தில் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி பார்க்க வந்தவர்கள், பழைய பங்களா என்றால் ஆசையாக உள்ளே வந்து எல்லா அறையையும் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களில் யார் வெறுமனே பார்க்க வந்தவர், யார் வேறு எதற்காகவோ பார்க்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அதனால்தான் பூட்டிய வீட்டுக்குப் போர்டு வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓனர் வெளிநாட்டில், சாவி வாட்ச்மேனிடம், கேட்டில் போர்டு. இந்த மலையில் இப்படி எத்தனையோ வீடுகள். இங்கே ஆள் இல்லை என்று நீங்களே எழுதி மாட்டுகிறீர்கள். தேக்கு மேசையும் பித்தளைச் சாமானும் காணாமல் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. சர்வே எண்ணை அரசின் இணைய வரைபடத்திலேயே பார்க்கலாம். அதை வைத்து வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்திர எண் கிடைத்துவிட்டால் கட்டணம் கட்டி நகலும் வாங்கிவிடலாம். இவை எல்லாம் பொதுமக்கள் வசதிக்காக வந்தவை, நல்லவைதான். ஆனால் ஓனர் ஊரில் இல்லை என்ற தகவல் மட்டும் எந்த இணையதளத்திலும் இல்லை. அதைப் போர்டு தருகிறது. போலி பவர் பத்திரம் தயாரிப்பவனுக்குத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான்.

வாட்ச்மேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் காவல் இருந்தாலும் காவலாளிக்குச் சொத்தில் உரிமை வந்துவிடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர் காவலாளிதான், வாடகைதாரர் இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ஒரு வேலை ஒப்பந்தம் எழுதுங்கள். நீங்கள் போனில் சொல்லாமல் யாருக்கும் வீட்டைத் திறந்து காட்டக் கூடாது என்றும் சொல்லிவையுங்கள். கையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் கதவு திறக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

போன் நம்பரைப் பற்றி. ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி இருக்கும் வெலிங்டன் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் 'ஸ்டாஃப் காலேஜுக்கு மாற்றலாகி வருகிறேன், ராணுவ அதிகாரி' என்று யார் பேசினாலும் நம்பிவிடுகிறோம். இந்தியில் பேசுவான், அடையாள அட்டை அனுப்புவான், வீட்டைப் பார்க்காமலே முன்பணம் தருகிறேன் என்பான். பிறகு ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் (ரகசிய எண்) போட்டால் பணம் வரும் என்பான். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். இதைத் தெரியாதவர் யார் என்று கேட்காதீர்கள். வாழ்நாள் முழுக்க கணக்கு எழுதிய வங்கி ஊழியரே என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 1930க்கு அழையுங்கள்.

சரி, போர்டே கூடாதா? கூடும். வீட்டில் நீங்கள் குடியிருக்கிறீர்கள், வீடு கோத்தகிரி சாலை மாதிரி வண்டிகள் போகும் இடத்தில் இருக்கிறது, காகிதங்கள் எல்லாம் நேராக இருக்கின்றன என்றால் தாராளமாக மாட்டுங்கள். இந்த மூன்றில் ஜனங்கள் கோட்டைவிடுவது மூன்றாவதில். முதலில் போர்டு, ஆள் வந்தபிறகு பத்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆள் வந்தபிறகுதான் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பது தெரிகிறது. கட்டட அனுமதி ஒரு மாடிக்கு, நிற்பது இரண்டு மாடி. தடுப்புச் சுவர் பக்கத்து நிலத்தில் ஏறி நிற்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஜென்மி நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் பழைய குத்தகை நிலமா என்று முதலில் பார்க்க வேண்டும். தனியார் காடாக அறிவிக்கப்பட்ட நிலம் என்றால் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி வாங்காமல் விற்க முடியாது.

எல்லாவற்றையும்விட, கூடப் பிறந்தவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு. இது 2005இல் வந்தது என்று அண்ணன்மார்கள் அடித்துச் சொல்கிறார்கள். 2005 திருத்தம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பாவின் தனிச் சொத்தில் 1956இலிருந்தே சம பங்குதான். அக்கா ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்துத்தான் வீடு விற்பனைக்கு வந்ததைத் தெரிந்துகொள்கிறார் என்றால், அடுத்த வாரம் அவர் கோர்ட்டுக்குப் போவதில் என்ன தவறு? வாய் திறந்து சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் இதே மரியாதையைச் செய்யுங்கள்.

மாட்டுவது என்று முடிவு செய்தால் போர்டில் குறைவாக எழுதுங்கள். பெயர் வேண்டாம், விலை வேண்டாம், 'அவசர விற்பனை' வேண்டவே வேண்டாம். 'ரிசார்ட்டுக்கு ஏற்றது' என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். குடியிருப்பு அனுமதி வாங்கிய வீட்டை அப்படி நடத்த முடியாது. உரிமம் இல்லாத காட்டேஜ்களுக்கு இங்கே சீல் வைப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், உங்கள் கேட்டுக்குள்ளேயே வையுங்கள். இரண்டு பருவமழையிலும் நனைந்து எழுத்து வெளுத்துப்போன போர்டு, இந்த வீடு விலைபோகவில்லை என்று பேரம் பேசுபவனுக்கு எடுத்துக் கொடுக்கும். ஒரு சீசனில் விற்காவிட்டால் கழற்றிவிடுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். போர்டில் அம்மா அப்பாவின் நம்பரைப் போடாதீர்கள். இதற்கென்று ஒரு தனி சிம் வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருபவரிடம் நீங்கள் பேசுங்கள், நாள் குறித்துக் கொடுங்கள், அந்த நாளில் நீங்களோ நம்பகமான ஒருவரோ வீட்டில் இருங்கள். யார் எந்தத் தாளை நீட்டினாலும் "பையனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் பெற்றோரைச் சொல்லச் சொல்லுங்கள். தாளைப் போட்டோ எடுத்து உங்களுக்குத் தெரிந்த எந்த வக்கீலுக்காவது அனுப்புங்கள். படித்துச் சொல்ல அரை மணி நேரம் போதும்.