கிருபை, அருள், ஈவு

பெரம்பூரிலோ வேப்பேரியிலோ ஒரு கிறிஸ்தவ வீட்டில் நலம் விசாரித்துப் பாருங்கள். "கர்த்தருடைய கிருபையில நல்லா இருக்கோம்" என்று பதில் வரும். சரி, கிருபை என்றால் என்ன? இரக்கம் என்பார்கள், கருணை என்பார்கள். அது பாதிப் பொருள்தான்.

கிருபை வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே 'கிருபா' என்பது இரக்கம், பரிவு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்த இடத்தில் இருப்பது 'காரிஸ்'. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா' அதற்கு உறவுச் சொல். மனம் உவந்து, பெறுபவரின் தகுதி பார்க்காமல் கொடுப்பது என்ற பொருளை இயேசுவின் திருத்தூதர் பவுல் அதில் ஏற்றுகிறார்.

அவர் கிருபைக்கு எதிரில் நிறுத்தும் சொல் கூலி. "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்கிறது அவர் ரோமருக்கு எழுதிய கடிதம் (ரோமர் 4:4). கிரியை என்றால் வேலை. கோயம்பேட்டில் மூட்டை இறக்கியவர் கூலி கேட்பது அவர் உரிமை. கொடுக்கவேண்டியது முதலாளியின் கடன். அதைத் தயவு என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம் ரோமர் 6:23 வருகிறது: பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நித்திய ஜீவன். பாவத்துக்குத்தான் சம்பளம். நித்திய ஜீவனைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லைப் பவுல் தொடுவதே இல்லை.

சென்னைக்கும் இந்தச் சொற்களுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் வேப்பேரியில் இருந்துகொண்டுதான் பைபிளைத் தமிழாக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வெளிவந்தது. கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டில் 'பிரியதத்தம்' என்றொரு சொல் இருந்தது. பிரியத்தோடு தரும் தானம் என்று பொருள். வடமொழிதான், ஆனாலும் 'காரிஸ்' என்பதற்கு எவ்வளவு நெருக்கம்! இன்று அதே மன்றாட்டு 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குகிறது.

கிருபைக்கு நல்ல தமிழ் அருள்தான். "அருளென்னும் அன்பீன் குழவி" என்று குறளே அதற்குத் தாயைக் காட்டிவிட்டது. இரட்சிப்பு என்பதற்கு மீட்பு. அடகு வைத்த நகையை மீட்கிறோமே, அதே சொல். அசலும் வட்டியும் யாராவது கட்டியாக வேண்டும். வேறொருவர் கட்டிவிட்டு நகையை நம் கையில் கொடுத்தால் நமக்கு அது இலவசம். ரோமர் 3:24-இல் 'இலவசமாய்' என்ற சொல்லும் 'மீட்பு' என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருவதை வாசித்துப் பாருங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் நான் 'கிருபை' என்று எழுதும் பழைய மொழிபெயர்ப்பின் பக்கம். எபேசியர் 2:8-இல் இரட்சிப்பை அது 'தேவனுடைய ஈவு' என்கிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு 'கடவுளின் கொடை' என்கிறது. கொடையும் அருமையான தமிழ்தான். ஆனால் ஈ, தா, கொடு மூன்றுக்கும் தொல்காப்பியம் இடம் பிரித்து வைத்திருக்கிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்பது ஈ, ஒத்தவரிடம் கேட்பது தா, உயர்ந்தவர் கேட்பது கொடு. வறியவருக்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்துத் தருவது என்கிறார் வள்ளுவரும். கையில் ஒன்றுமில்லாமல் கடவுள் முன் நிற்பவருக்கு உரிய சொல் ஈவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வகுத்தல் கணக்கின் விடையாகத்தான் தெரியும். ஆனால் கோபத்தில் "ஈவு இரக்கம் இல்லையா?" என்று நாம் கேட்கும்போது வருவது இதே ஈவுதான்.