பார்லி இல்லாமல் ஒரு பீர்

பீருக்கு வேண்டியவை நான்கே பொருட்கள்: பார்லி, தண்ணீர், கசப்புத் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். இவற்றில் குளுட்டன் இருப்பது பார்லியில் மட்டும்தான். அப்படியானால் பார்லியை எடுத்துவிட்டு அரிசியையோ சோளத்தையோ போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்து பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நீர்த்த கஞ்சிதான். அதில் இனிப்பு இருக்காது. இனிப்பு இல்லாததால் ஈஸ்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஈஸ்ட் தின்னாவிட்டால் ஆல்கஹாலும் இல்லை, நுரையும் இல்லை. காரணம், பீருக்குள் பார்லி பார்க்கும் வேலை ஒன்றல்ல, நாலைந்து. அத்தனையையும் வேறு வழியில் செய்து முடிக்க வேண்டும் என்பதுதான் குளுட்டன் இல்லாத பீரை இவ்வளவு சுவாரசியமான விஷயமாக்குகிறது.

முதலில் குளுட்டன் யாருக்கு, ஏன் ஆகாது என்பதைப் பார்த்துவிடலாம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதங்களுக்குத்தான் பொதுவாகக் குளுட்டன் என்று பெயர். பார்லியில் இருப்பது ஹார்டீன். சீலியாக் நோய் உள்ளவர்களின் உடல் இந்தப் புரதத் துண்டுகளை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலில் சேதமாவது அவர்களுடைய சிறுகுடல்தான். உணவை உறிஞ்சும் மெல்லிய குடல்விரல்கள் மழுங்கிப்போகின்றன. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. அவருடைய சந்தேகம் அப்போது உறுதியானது.

சரி, பார்லி என்னதான் செய்கிறது? எந்தத் தானியமும் அடிப்படையில் ஒரு மாவுச்சத்து மூட்டை. ஈஸ்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது, சர்க்கரையைத்தான் தின்னும். விதை முளைக்கும்போது குருத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்பதால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் என்சைம்கள் விதைக்குள் தயாராகின்றன. பீர் காய்ச்சுபவர்கள் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, குருத்து வளர்வதற்குள் உலர்த்திவிடுகிறார்கள். அதுதான் மால்ட். பின்பு மால்ட்டை உடைத்து வெந்நீரில் போட்டால், என்சைம்கள் மறுபடி விழித்துக்கொண்டு மிச்ச மாவுச்சத்தை வெட்டத் தொடங்கும். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தேன்போல இனிக்கும்.

இதில் முக்கியமான என்சைம்கள் இரண்டு. ஆல்ஃபா அமைலேஸ் நீண்ட மாவுச்சத்துச் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து தொடங்கி மால்டோஸ் என்ற சர்க்கரையாக வரிசையாகக் கத்தரித்துக்கொண்டே வரும். பீட்டா நன்றாக வேலை செய்வது 60 முதல் 65 டிகிரி செல்சியஸில். 70ஐத் தாண்டினால் அது சீக்கிரமே செத்துவிடும். ஆல்ஃபா கொஞ்சம் தெம்பானது, 70ஐ ஒட்டிய வெப்பத்தில் நன்றாக ஓடும். 80ஐ நெருங்கும்போது அதுவும் போய்விடும்.

ஆனால் மாவுச்சத்து பச்சையாக இருக்கும்வரை இந்த இரண்டு என்சைம்களாலும் அதை உருப்படியாக வெட்ட முடியாது. மாவுச்சத்து மணிகள் கெட்டியாகச் சுருட்டி அடுக்கப்பட்டவை. தண்ணீரோடு சூடேறி, உப்பி, குழைந்தால்தான் சங்கிலிகள் வெளியே வரும். நம் மொழியில் சொன்னால், வேக வேண்டும். பார்லி மாவுச்சத்து ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரிக்குள் வெந்துவிடுகிறது. அதாவது, மாவு வேகும் வெப்பநிலையும் என்சைம்கள் ஓடும் வெப்பநிலையும் பார்லிக்கு ஒன்றாக அமைந்துவிட்டன. ஒரே பாத்திரத்தில், ஒரே சூட்டில், இரண்டு வேலையும் நடக்கிறது. பார்லி பீருக்கு அரசனானதற்கு ருசியைவிட இந்தப் பொருத்தமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சோளம், சிறுதானியங்கள், அரிசி ஆகியவற்றில் இந்தப் பொருத்தம் இல்லை. இவற்றின் மாவுச்சத்து முழுதாக வேக 70 டிகிரிக்கு மேல் போக வேண்டும். சில ரகங்களுக்கு 75, அதற்கும் மேல். மாவு வேகும் நேரத்தில் பீட்டா அமைலேஸ் உயிரோடு இருக்காது. அதைக் காப்பாற்ற 65இல் நிறுத்தினால் மாவு வேகாது. பார்லி பீருக்கான செய்முறையில் தானியத்தின் பெயரை மட்டும் மாற்றியவர்களுக்குக் கஞ்சி கிடைப்பது இதனால்தான்.

இதற்கு அழகான ஒரு வழி உண்டு. முளைகட்டி உலர்த்திய சிறுதானிய மால்ட்டை உடைத்து 50 டிகிரி தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். என்சைம்கள் தண்ணீரில் கரைந்து மேலே வந்துவிடும், மாவு கீழே தங்கும். மேலே உள்ள தெளிந்த நீரை மெல்ல இறுத்து ஒரு பாத்திரத்தில் தனியாக வைத்துவிட வேண்டும். அப்புறம் அடியில் உள்ள மாவை வெந்நீர் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டு, கூழாக வெந்ததும் 65 டிகிரிக்கு ஆறவிட்டு, எடுத்து வைத்த நீரைத் திருப்பி ஊற்ற வேண்டும். சிறிது நேரத்திலேயே கெட்டிக் கூழ் இளகித் தண்ணீராவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீண்ட சங்கிலிகள் அறுபடுவதுதான் அந்த இளக்கம். வேலை முடிந்ததா என்று அறிய, ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்தால் போதும். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

இன்னொரு வழி, என்சைமை வெளியிலிருந்து சேர்ப்பது. பேசில்லஸ் வகை பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஆல்ஃபா அமைலேஸ் 80 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆகவே மாவு வேகும்போதே கூடவே வெட்டிக்கொண்டு போகும். பிறகு 60க்கு ஆற்றி, பூஞ்சையிலிருந்து எடுக்கும் குளுக்கோஅமைலேஸ் சேர்த்தால் மீதியும் சர்க்கரையாகும். இந்த இரண்டாவது என்சைமை நீண்ட நேரம் விட்டால் எல்லாமே குளுக்கோஸாகி, ஈஸ்ட் அத்தனையையும் தின்று தீர்த்து, பீர் உடம்பே இல்லாமல் தண்ணீர்போல ஆகிவிடும். வேண்டிய இடத்தில் நிறுத்தக் கொதிக்கவிட வேண்டும். என்சைம் பொடி வாங்கும்போது அது எதிலிருந்து வந்தது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பார்லி மால்ட்டிலிருந்து எடுத்த பொடியும் விற்பனைக்கு இருக்கிறது. அதைச் சேர்த்தால் பாடுபட்டதெல்லாம் வீண்.

தானியத்தை வீட்டிலேயே முளைகட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு செத்துப்போவதற்குக் காரணமான பொருள், துரின், முளைவிடும் சோளத்திலும் உண்டாகிறது. அது உடைந்தால் சயனைடு வெளிப்படும். துரின் சேர்வது பெரும்பாலும் குருத்தில். ஆகவே சோள மால்ட்டை உலர்த்தியதும் குருத்தையும் வேரையும் தேய்த்து உதிர்த்துப் புடைத்துத் தள்ளிவிட வேண்டும். முதன்முறை செய்பவர் சோளத்தை விட்டுவிட்டுப் பனிவரகில் தொடங்குவதே நல்லது.

என்சைம் சிக்கல் தீர்ந்தால் மற்றவை எளிது. பார்லியின் உமி வடிகட்டிபோலப் படிந்து இனிப்பு நீரைத் தெளிவாக இறக்கும். உமியில்லாத தானியங்கள் பசைபோல அடைத்துக்கொள்ளும் என்பதால், சுத்தமான நெல் உமியைக் கழுவிக் கலந்துகொள்கிறார்கள். ஈஸ்டுக்கு நைட்ரஜன் சத்தும் வேண்டும். அரிசியிலும் சோளத்திலும் அது குறைவாக இருப்பதால் ஈஸ்ட் உரம் என்று விற்பதைச் சிறிது சேர்க்கலாம். ஹாப்ஸில் மாற்றமே இல்லை. 10 லிட்டருக்கு 3 கிலோ அளவு மால்ட், 15 கிராம் அளவு ஹாப்ஸ், ஒரு மணி நேரக் கொதி. அந்தக் கொதியில்தான் ஹாப்ஸின் அமிலங்கள் உருமாறித் தண்ணீரில் கரைந்து கசப்பாகின்றன. பிறகு சீக்கிரம் ஆற்றி ஈஸ்ட் தூவ வேண்டும். 180 கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் முழுவதும் மாற்றினால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும் என்பது கணக்கு. கொஞ்சத்தை அது தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்.

ஈஸ்டிலும் ஒரு பொறி இருக்கிறது. திரவ ஈஸ்ட்டைப் பார்லி நீரில் வளர்ப்பது வழக்கம். உலர் ஈஸ்ட் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் வளர்வது, ஆனாலும் உறையைப் படித்துவிட வேண்டும். பார்லி பீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை எடுத்துப் போடவே கூடாது. பார்லி அரைத்த அரைவை இயந்திரம், கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளி, மரக்கரண்டி எதுவும் வேண்டாம். ‘குளுட்டன் இல்லாதது’ என்று சொல்வதற்கான சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளுட்டன். இடுக்கில் ஒட்டிய மாவுத்தூள்கூட இந்தக் கணக்கைக் கெடுக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, பார்லியிலேயே காய்ச்சிவிட்டுக் குளுட்டனை என்சைமால் வெட்டிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அப்படி ஓர் என்சைம் உண்மையிலேயே இருக்கிறது. குளுட்டன் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். அதன் வளைய வடிவம் சங்கிலியை மடக்கி வைப்பதால் நம் வயிற்று என்சைம்களால் அங்கே வெட்ட முடிவதில்லை. ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கும் என்சைம் சரியாகப் புரோலின் இருக்கும் இடத்தில் வெட்டும். குளிரவைத்த பீர் கலங்காமல் இருக்கத்தான் இதை முதலில் கொண்டுவந்தார்கள். இதைச் சேர்த்த பார்லி பீர் பல சோதனைகளில் 20க்குக் கீழே காட்டுகிறது. ஆனால் துண்டுகளாகிவிட்ட புரதத்தைச் சோதனைகள் நம்பகமாக அளப்பதில்லை. பரவலாகப் பயன்படும் ஒருவகைச் சோதனைக்கு, ஒரே துண்டில் இரண்டு பிடிமான இடங்கள் இருந்தால்தான் அது கண்ணில் படும். ஒரே ஒரு பிடிமானமுள்ள குட்டித் துண்டு சோதனையிலிருந்து தப்பிவிடும், குடலின் கண்ணிலிருந்து தப்பும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பீரில் ‘குளுட்டன் இல்லாதது’ என்று அச்சிட முடியாது. ஐரோப்பாவில் சோதனை 20க்குக் கீழ் காட்டினால் அச்சிடலாம். சீலியாக் உள்ள ஒருவருக்காகக் காய்ச்சும்போது நான் இந்தக் குறுக்குவழியைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

வீட்டில் காய்ச்சுவதற்குச் சட்டம் எல்லா நாட்டிலும் இடம் தருவதில்லை, அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துப் பீரின் அடர்த்தியைக் காட்டும் அடர்த்திமானி 1.050இல் தொடங்கி 1.010இல் நின்றால் ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அந்த எண் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்கலாம். பாட்டிலுக்குள் வாயு உண்டாக, அடைக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை சேர்த்தால் போதும். அவசரப்பட்டு அடைத்தால் மிச்ச இனிப்பும் வாயுவாகிப் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி சிதறிக் காயம்படும். இரண்டு வாரம் அறை வெப்பத்தில், அப்புறம் குளிரில். பார்லியின் நுரைப் புரதங்கள் இல்லாததால் ஊற்றியதும் எழும் நுரை கொஞ்சம் சீக்கிரம் அடங்கும். பெயர் கோதுமைபோல ஒலித்தாலும் கோதுமையல்லாத, குளுட்டன் இல்லாத பக்வீட்டின் மால்ட் கொஞ்சம் கலந்தால் அது இன்னும் சற்று நேரம் நிற்கும்.