சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீங்கும் தாடை

ஆம்பூர் பிரியாணியோடு வரும் புளிப்புக் கத்திரிக்காயைப் பார்த்ததுமே வாயில் எச்சில் ஊறும். சிலருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பக்கத் தாடைக்கு அடியில் சுருக்கென்று வலித்து, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடியும். அடுத்த வேளை மறுபடி வரும். இதைப் பல்வலி என்றோ பொன்னுக்கு வீங்கி என்றோ நினைத்துக் காலம் கடத்துவது வருத்தமான விஷயம். சாப்பாட்டுக்கு வந்து போகும் வீக்கம் என்றாலே உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நமக்கு எச்சில் சுரக்கிறது. கற்களில் பத்துக்கு எட்டு தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. அங்கே ஊறும் எச்சில் கொழகொழப்பானது, கால்சியம் மிகுந்தது. சுமார் 5 செ.மீ. நீளக் குழாயில் மேல்நோக்கி ஏறி, நாக்குக்கு அடியில் ஊசிமுனை போன்ற வாய் வழியாக அது வெளியே வர வேண்டும். ஓட்டம் மந்தமானால், சளித்துணுக்கைச் சுற்றிக் கால்சியம் பாஸ்பேட் அடுக்கடுக்காகப் படிகிறது. வேலூரின் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் எச்சில் குறையும். அலர்ஜி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சிலவும் வாயை உலர்த்தும். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று பால், தயிரை நிறுத்தத் தேவையில்லை.

சிறிய கல் பல நேரம் தானாகவே வெளியேறும். நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், எச்சில் ஊற எலுமிச்சை, சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னோக்கி நீவுதல் எல்லாம் உதவும். சீழோ காய்ச்சலோ இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

ஸ்கேனில் கல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். குழாய் வாயருகே இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு வாய்க்குள்ளேயே சிறிதாகக் கீறி எடுப்பார்கள். உள்ளே இருந்தால், முன்பெல்லாம் கழுத்தில் வெட்டிச் சுரப்பியையே அகற்றுவது வழக்கம். கீழுதட்டை அசைக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அதில் ஆபத்தும் உண்டு. 1990களில் வளர்ந்த எண்டோஸ்கோப்பி முறையில், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக் கருவியைக் குழாய்க்குள் செலுத்தி, சிறு கம்பிவலையால் கல்லைப் பிடித்து இழுக்கிறார்கள். சுமார் 4 மி.மீ. வரையுள்ள கல்லுக்கு இது ஏற்றது. பெரியதை லேசரால் உடைக்கலாம். அடைப்பு நீங்கினால் சுரப்பி பெரும்பாலும் தேறிவிடும். ஆகவே சுரப்பியை எடுக்கச் சொன்னால், எண்டோஸ்கோப்பியில் முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள்.

சாப்பாட்டோடு தொடர்பில்லாமல், வடியாமல், கெட்டியாக நிற்கும் கட்டி வேறு விஷயம். அதைத் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.